பாண்டம் டி1: டாங்க் சேவலும் பின் மட்காட்டில் இருந்த கொழும்புக் கம்பனி முத்திரையும், யாரிடமாவது வழி இருக்கிறதா?

உவர்மலைப் பேரன் எழுதியது:

வணக்கம். அப்பப்பா திருகோணமலை டொக்யாட்டில் வேலை செய்த காலத்தில் வாங்கிய பிஎஸ்ஏ பாண்டம் டி1 மோட்டார் சைக்கிள் ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. 1957 இல் வெள்ளைக்காரன் தளத்தை ஒப்படைத்துவிட்டுப் போன பிறகும் அவர் அதில்தான் உவர்மலை ஏறி இறங்கினார் என்று அப்பா சொல்லுவார். 90 இல் இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தபோது சீட், மக்னெற்றோ, லைட் எல்லாவற்றையும் யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். சட்டமும் எஞ்சினும் டாங்கும் கிடுகுக் குவியலுக்குக் கீழே கிடந்தபடியால் தப்பிவிட்டன. இப்போது எஞ்சின் ஸ்டார்ட் ஆகிறது, மக்னெற்றோவுக்கு அலைந்த கதை பெரிய கதை, அதை வேறு திரியில் எழுதுகிறேன். மிச்சம் இருப்பது பெயின்ற் வேலை, அதிலேதான் தடக்குப்பட்டு நிற்கிறேன்.

டாங்கின் இடது பக்கத்தில் பாண்டத்துக்கே உரிய அந்தச் சேவல் படம் பாதி இருக்கிறது. கழுத்தும் மார்பும் ஒரு காலும் நன்றாகத் தெரிகிறது, கொண்டையும் வால் நுனியும் போய்விட்டன. வலது பக்கத்தில் படம் இல்லை, தந்த நிறப் பலகத்தில் சேவல் இருந்த இடம் மட்டும் கொஞ்சம் நிறம் மாறித் தெரிகிறது. இதைவிடப் பின் மட்காட்டில் நம்பர் பிளேட்டுக்கு மேலே, பெருவிரல் அகலத்தில், கேடயம் போல ஒரு சின்ன முத்திரை. கருநீலப் பின்னணி, பொன்னிற ஓரம், பொன்னிற எழுத்து. இறக்குமதி செய்து விற்ற கொழும்புக் கம்பனி ஒட்டியதாகத்தான் இருக்க வேண்டும். மேல் வரி சுத்தமாக இல்லை, நடு வரியில் 'அன்ட் கோ' என்ற துண்டு, கீழ் வரியில் கொழும்பு என்று ஆங்கிலத்தில் எழுதியதன் கடைசி மூன்று எழுத்து.

டவுனில் ஓட்டோவுக்கு ஸ்டிக்கர் வெட்டும் கடை ஒன்றில் போனில் எடுத்த படத்தைக் கொடுத்து அடித்துப் பார்த்தேன். சேவல் பிராய்லர் கோழி மாதிரி உப்பிப்போய் வந்தது, பொன்னிறம் கடுகு மஞ்சளாக வந்தது, டாங்க் வளையும் இடத்தில் ஒட்டாமல் எழும்பி நிற்கிறது. காசு போனது போகட்டும், இதை ஒட்டிக்கொண்டு ரோட்டில் போக மனம் வரவில்லை.

ஆக, சேவலை எங்கே வாங்கலாம்? மட்காட் முத்திரையை இங்கேயே செய்விக்க வழி உண்டா? செய்தால் வினைலா, தண்ணீரில் ஊற வைத்து ஒட்டுகிற வகையா? கடைசியில் அடிக்கும் நிறமில்லாத கிளியர் பூச்சுக்கு முன் ஒட்டுவதா பிறகா? டிங்கர் பாஸ் டாங்கை உரஞ்ச வேண்டும் என்று தினமும் போன் எடுக்கிறார், நான் சாட்டுச் சொல்லித் தள்ளிக்கொண்டிருக்கிறேன்.


இரும்புக்குதிரை எழுதியது:

தம்பி, முதல் வேலையாக டாங்கையும் மட்காட்டையும் அந்த பாஸிடமிருந்து வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். அவர் நல்ல மனிதராக இருக்கலாம், ஆனால் உரஞ்சுகிற கைக்கு எது குப்பை எது சாமான் என்று தெரியாது, மத்தியானம் நீங்கள் போன் எடுக்காமல் விட்டால் பின்னேரம் டாங்க் பளபளவென்று வெறும் தகரமாக இருக்கும்.

சேவலுக்கு யோசிக்க வேண்டாம். பாண்டம் 1948 இல் தொடங்கி 1971 வரை லட்சக்கணக்கில் செய்த வண்டி, இங்கிலாந்தில் இன்றைக்கும் அதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். விண்டேஜ் மோட்டார் சைக்கிள் கிளப் என்று 1946 இல் தொடங்கியது ஒன்று இருக்கிறது, சுருக்கமாக விஎம்சிசி. பழைய பைக்குகளின் டிரான்ஸ்பர்களை, அதாவது தாளிலிருந்து தகரத்துக்கு மாற்றி ஒட்டும் படங்களை, திரும்ப அச்சடித்து விற்பதற்கென்றே அவர்கள் தனியாக ஒரு பிரிவு நடத்துகிறார்கள். தேடும்போது 'டிரான்ஸ்பர்' என்று போட்டுத் தேடுங்கள், ஸ்டிக்கர் என்று போட்டால் உங்களுக்கு இப்போது கிடைத்த அதே வினைல்தான் பக்கம் பக்கமாக வரும்.

வாங்குவதற்கு முன் சட்ட நம்பரைப் பாருங்கள். ஒய்டி1 என்று தொடங்கினால் ஆரம்ப காலத்து வண்டி, பின்னுக்கு சஸ்பென்ஷன் இல்லாத கட்டைச் சட்டம். அதோடு எஸ் சேர்ந்திருந்தால் பிளஞ்சர் என்ற பின் சஸ்பென்ஷன் வைத்த சட்டம். ஆண்டுக்கு ஆண்டு நிறமும் எழுத்தும் மாறியிருக்கிறது, அதனால் 'டி1 டாங்க் செற்' என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் அவர்கள் எதையாவது அனுப்புவார்கள், நீங்கள் எதையாவது ஒட்டுவீர்கள். மெல்லிய பச்சை டாங்கும் தந்த நிறப் பலகமும் ஆரம்ப காலத்துக்குச் சரிதான், இருந்தாலும் நம்பரைக் கொடுத்தே கேளுங்கள். இன்னொன்று, இடது சேவல் வேறு வலது சேவல் வேறு. ஒரே படத்தை இரண்டு வாங்கி ஒட்டினால் ஒரு பக்கம் சேவல் சீட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கும். வலது பக்கத்து நிழல் உங்களிடம் இருக்கிறதே, அலகு எந்தப் பக்கம் இருந்தது என்று அதிலே பார்க்கலாம்.

பாண்டம் பற்றிப் பேசினால் இதைச் சொல்லாமல் விட முடியாது: அது அடிப்படையில் ஜெர்மன்காரனின் டிகேடபிள்யூ ஆர்டி125. யுத்தம் முடிந்து நட்ட ஈடாகக் கிடைத்த வரைபடத்தைக் கண்ணாடியில் பார்த்ததுபோல் இடம் வலம் மாற்றி பிஎஸ்ஏ செய்தது. அதே வண்டியை வைத்துத்தான் ஹார்லியின் 125, ரஷ்யனின் மொஸ்க்வா, 1955 இல் வந்த யமஹாவின் முதல் பைக் எல்லாம். வரைபடம் ஊரெல்லாம் போனாலும் சேவல் மட்டும் பிஎஸ்ஏக்காரனிடம் நின்றது.

மட்காட்டு முத்திரை கதை வேறு. அது பேர்மிங்ஹாமில் ஒட்டியது இல்லை, கொழும்பில் ஒட்டியது. உலகத்தில் எவனும் அதை மறுபதிப்பு செய்திருக்க மாட்டான். உங்கள் வண்டியில் உண்மையிலேயே அரிதான சாமான் அந்தப் பெருவிரல் அளவு நீலத் துண்டுதான். அதைக் காப்பாற்றப் பாருங்கள்.


மைத்தட்டு எழுதியது:

மட்டக்களப்பிலிருந்து எழுதுகிறேன், ஸ்கிரீன் பிரின்ட் என் தொழில், கலியாண அட்டை குறைந்துபோன பிறகு இந்த மாதிரி வேலைதான் கை கொடுக்கிறது. கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போனில் எடுத்த படத்தை வைத்து அடித்தால் சேவல் உப்பத்தான் செய்யும். கிட்டப் போய் எடுத்தால் நடு பெருக்கும், ஓரம் சுருங்கும், அதோடு டாங்க் உருண்டை, படம் தட்டை. அளவு எடுக்க வேண்டியது படத்தில் இல்லை, டாங்கின் மேல். புத்தகத்துக்கு உறை போடும் கண்ணாடிப் பிளாஸ்டிக் தாள் ஒன்றை டாங்கின் மேல் சுருக்கமில்லாமல் படிய வைத்து, மூலைகளில் டேப் ஒட்டி, மெல்லிய பெர்மனன்ற் பேனாவால் விளிம்பை அப்படியே வரையுங்கள். டாங்கின் மூடி, பலகத்தின் ஓரக் கோடு, பொருத்து எங்கே ஓடுகிறது எல்லாவற்றையும் அதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு புதுப் படம் வரும்போது எங்கே ஒட்டுவது என்று தலையைச் சொறியத் தேவையில்லை. அந்தத் தாளைத் தட்டையாக ஸ்கானரில் 600 டிபிஐ வைத்து எடுத்தால் உண்மையான அளவு கையில் வந்துவிடும். நிறத்துக்கு மட்டும் போன் படம் எடுங்கள், தூர நின்று சூம் பண்ணி, பக்கத்தில் ஒரு இரும்பு அடிமட்டம் வைத்து, நிழலில்.

அழிந்த எழுத்தைப் படிக்க ஒரு வழி. இரவில் லைற்றை அணைத்துவிட்டு டோர்ச்சை மட்காட்டோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். முத்திரை போன இடத்திலும் அதன் தடிப்பு அடியிலுள்ள பெயின்றில் ஒரு மெல்லிய படியை விட்டிருக்கும், சரிந்த வெளிச்சத்தில் அது நிழலாக எழும்பும். பஞ்சில் ஒரு சொட்டுத் தண்ணீர் தொட்டு நனைத்தால் மங்கின நிறமும் ஒரு நிமிடம் தெளிந்து நிற்கும். தின்னர் பக்கம் போகவே கூடாது.

எழுத்தைக் கணினியில் போட்டு இது என்ன ஃபொன்ற் என்று தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். அந்தக் காலத்து முத்திரைக்கு எழுத்தை ஆள் கையால் வரைந்தான். கொழும்பு என்ற ஆங்கிலச் சொல்லில் 'ஓ' மூன்று தடவை வரும். உங்களிடம் இருப்பது கடைசி 'ஓ'. அதையே வெட்டி மற்ற இரண்டு இடத்திலும் போட்டால் பார்க்கிற கண்ணுக்கு ஏதோ இயந்திரத்தனம் தட்டும், ஏனென்றால் கையால் வரைந்தவனுக்கு மூன்றும் ஒரே மாதிரி வந்திராது, கேடயம் கீழே ஒடுங்கிக்கொண்டு போவதால் ஓரத்து எழுத்துகளை அவன் கொஞ்சம் ஒல்லியாகவும் வரைந்திருப்பான். அதனால் மூன்றையும் தனித்தனியே வரையுங்கள்.

இனி அச்சு. பொன்னிறத்தை நாலு நிற பிரின்ற்றரில் எடுக்கவே முடியாது, மஞ்சளையும் சிவப்பையும் கலந்து அது காட்டும் பொய்தான் உங்கள் கடுகு மஞ்சள். உண்மைப் பொன்னிறத்துக்கு பிறோன்ஸ் பவுடரைத் தெளிவான மையில் குழைத்து ஸ்கிரீனில் இழுக்க வேண்டும். பவுடரின் மணி பெரியது, நெருக்கமான வலையில் அடைத்துக்கொள்ளும், அதனால் பொன்னுக்குக் கொஞ்சம் ஐதான வலை, நீலத்துக்கு நெருக்கமான வலை. பசைத்தாளில் முதலில் தெளிவான அடிப்படலம், பிறகு நீலம், அதன் மேல் பொன், கடைசியில் இன்னொரு தெளிவான படலம். சேவலாக இருந்தால் நிறங்களுக்கு அடியில் ஒரு வெள்ளையும் வேண்டும், இல்லாவிட்டால் அடியிலுள்ள பெயின்ற் மேலே தெரிந்து நிறம் செத்துவிடும். வீட்டு பிரின்ற்றரில் வோட்டர் ஸ்லைட், அதாவது தண்ணீரில் ஊற வைத்து ஒட்டுகிற தாள் போட்டு அடிப்பவர்கள் சறுக்குவது இங்கேதான், அதில் வெள்ளை மையே கிடையாது. அல்ப்ஸ் என்ற ஜப்பான்காரன் வெள்ளையும் உலோக நிறமும் அடிக்கும் சின்ன பிரின்ற்றர் ஒன்றை ஒரு காலத்தில் விட்டான், பொம்மை விமானம் செய்பவர்கள் இன்னும் அதைப் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறார்கள், நமக்கு எட்டாது.

இப்போது கடைகளில் யூவி டிடிஎஃப் என்று ஒன்று அடிக்கிறார்கள், பொன்னிறமும் வரும் என்பார்கள். நிறம் நல்லதுதான். ஆனால் அடியில் பசை தடிப்பு, நகம் வைத்தால் ஓரம் தட்டுப்படும். தண்ணீர்ப் போத்தலுக்கு ஒட்ட நல்லது. 50களின் டாங்கில் ஒட்டினால் தூரத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும். வினைல்தான் வேண்டும் என்று நிற்பவர்கள் 'காஸ்ட்' வினைலைக் கேளுங்கள், அது ஏறத்தாழ 50 மைக்ரோன், வளைவில் படியும். கடைக்காரர் எடுத்துத் தருவது பெரும்பாலும் 'கலண்டர்' வினைல், தடிப்பும் கூட, நம் வெயிலில் சுருங்கவும் செய்யும்.


கிண்ணியா நானா எழுதியது:

எல்லாரும் எப்படிச் செய்வது என்று சொல்கிறீர்கள், நான் ஏன் செய்ய வேண்டும் என்று கேட்கிறேன். தம்பி, பாதிச் சேவல் அசல். அதை உரஞ்சிப்போட்டு முழுச் சேவல் ஒட்டினால் அது இங்கிலாந்திலிருந்து வந்த புதுக் கடதாசி, உங்கள் அப்பப்பா கை வைத்த சாமான் இல்லை. வெளிநாட்டில் இப்போது ஓடாமல் பழுதாகிப்போனதை மட்டும் திருத்தி, பெயின்ற்றை எண்ணெய்த் துணியால் துடைத்து அப்படியே வைத்திருக்கிறார்கள், அதற்குத்தான் மதிப்பும் கூட. பெயின்ற் எப்போதும் அடிக்கலாம். அசலை ஒரு தரம் உரஞ்சினால் உரஞ்சினதுதான்.

அதோடு நம்பர் பிளேட்டையும் கவனியுங்கள். முன் மட்காட்டின் மேல் வளைந்து நிற்கும் தகட்டில் நம்பரை அந்தக் காலத்தில் தூரிகையால் எழுதினார்கள். நம்பரில் ஸ்ரீ எழுத்து வருவதற்கு முந்தியது என்றால் சிலோன் என்ற ஆங்கிலப் பெயரிலிருந்து எடுத்த இரண்டு எழுத்து இருக்கும், ஈஎல், ஈஎன், சிஎன் என்று. அந்த வெள்ளை எழுத்தின் வால் எப்படி முடிகிறது என்று பார்த்தால் எழுதியவன் கை தெரியும். அதையும் ஸ்டிக்கர் கடையில் கொடுத்துவிடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. மட்காட்டு முத்திரை பெருவிரல் அளவுதானே, அதற்கு ஏன் ஸ்கிரீன், ஏன் படலம்? போர்ட் எழுதின பழைய ஆள் ஒருவரைப் பிடித்து, வரைந்த தாளில் ஊசியால் குத்துப் போட்டு, சோக்குத் தூள் தட்டிக் கோட்டை இறக்கி, எனமலில் எழுதச் சொல்லுங்கள். ஒரு பின்னேர வேலை.


உவர்மலைப் பேரன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. டாங்க் இப்போது என் கட்டிலுக்குக் கீழே இருக்கிறது, அம்மாவுக்கு அந்த மணம் பிடிக்கவில்லை.

நானா, நீங்கள் சொன்னதை யோசித்தேன். டாங்கைப் பொறுத்தவரை உங்கள் பக்கம்தான் எனக்கும் சாய்கிறது. ஆனால் பின் மட்காட் முத்திரைக்குக் கீழேயே ஓட்டையாகிவிட்டது, கடற்காற்று தின்றுவிட்டது, தகரம் வெட்டிப் போட்டுத்தான் ஆக வேண்டும். அதனால் மட்காட்டுக்குப் புது முத்திரை இல்லாமல் முடியாது. டாங்கை இடது பக்கம் அப்படியே விட்டு வலது பக்கம் மட்டும் புதுச் சேவல் ஒட்டினால் கேவலமாக இருக்குமா?

டோர்ச் விஷயம் வேலை செய்தது! மேல் வரியில் இரண்டு சொல் இருந்திருக்கிறது. முதல் சொல்லின் தொடக்கத்தில் நிமிர்ந்த கோடு ஒன்று, இரண்டாவது சொல் சின்னது. அதற்கு மேல் படிக்க முடியவில்லை. கம்பனிப் பெயர் தெரியாமல் எழுத்தை எப்படி வரைவது? சும்மா ஊகித்துப் போட எனக்கு விருப்பமில்லை.


ஏட்டுச்சுவடி எழுதியது:

தம்பி, ஊகிக்கத் தேவையில்லை, தேடினால் கிடைக்கக்கூடிய விஷயம் இது. பைக்கைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, பழைய கடதாசியைப் பற்றிக் கொஞ்சம் தெரியும்.

முதலில் வீட்டிலேயே பாருங்கள். பழைய பதிவுப் புத்தகம், விற்பனை ரசீது, இன்சூரன்ஸ் கடதாசி ஏதாவது அலுமாரி அடியில் இருந்தால் கம்பனிப் பெயர் தலைப்பிலேயே இருக்கும், அநேகமாக அதே கேடயமும் இருக்கும். இடம்பெயர்வில் எல்லாம் போய்விட்டது என்றால் அடுத்தது பெர்குசன் டைரக்டரி. இலங்கையில் வருடாவருடம் வந்த பெரிய தொகுப்பு, கொழும்புக் கம்பனிகளின் பட்டியலும் விளம்பரங்களும் அதில் இருக்கும். 50களின் தொடக்கத்து இதழ்களில் மோட்டார் வியாபாரப் பகுதியைப் புரட்டுங்கள். இரண்டு சொல், பிறகு அன்ட் கோ என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டதே, அந்த அச்சில் பொருந்துகிற பெயர் பத்துக்கு மேல் இருக்காது. பெயர் ஊகமாகத் தெரிந்த பிறகு பத்திரிகை விளம்பரம். ஒப்சேர்வர், டைம்ஸ் ஒஃப் சிலோன் இரண்டிலும் மோட்டார் சைக்கிள் விளம்பரம் வந்திருக்கிறது. வீரகேசரியையும் தினகரனையும் விடாதீர்கள். பழைய பத்திரிகைகள் கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் இருக்கின்றன. போவதற்கு முன் நூலகம் இணையத்தளத்தில் தேடிப் பாருங்கள், அங்கே பழைய தமிழ் மலர்களும் சஞ்சிகைகளும் ஸ்கான் பண்ணிப் போட்டிருக்கிறார்கள், பாடசாலை மலர், கோயில் மலர்களின் கடைசிப் பக்கங்களில் இப்படிப்பட்ட கம்பனி விளம்பரம் இருக்கும். யாரும் அந்தப் பக்கங்களைப் படிப்பதில்லை, உங்களுக்குத் தேவையானது அங்கேதான்.

விளம்பரத்தில் கிடைக்கும் சின்னம் கறுப்பு வெள்ளையாக இருக்கும், நிறம் உங்களிடம் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தால் சரி.


இரும்புக்குதிரை எழுதியது:

அக்கா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விஎம்சிசியின் நூலகத்தில் பழைய தொழிற்சாலைப் பதிவேடுகள் இருக்கின்றன, சட்ட நம்பரையும் எஞ்சின் நம்பரையும் கொடுத்து, இந்த வண்டி எந்த விற்பனையாளருக்குப் போனது என்று தெரியுமா என்று எழுதிக் கேளுங்கள். அதோடு அந்தக் காலத்துக் கம்பனிகள் பைக் மட்டும் விற்கவில்லை. காரும் விற்றிருந்தால் டாஷ்போர்ட்டில் சின்னத் தகடு அடித்திருப்பார்கள். திருகோணமலையில் இன்னும் ஓடுகிற மொரிஸ் மைனர், ஒஸ்டின் ஏ போர்ட்டி, ஹில்மன் என்று எந்தப் பழைய காரைக் கண்டாலும் உள்ளே எட்டிப் பாருங்கள்.

இடம் பழையது வலம் புதிது என்று விடலாமா என்று கேட்டிருந்தீர்கள். விடலாம், ஒரு நிபந்தனையோடு: புதுச் சேவலின் பளபளப்பைக் குறைக்க வேண்டும். ஒட்டிக் காய்ந்த பிறகு மங்கலான வார்னிஷ் ஒரு கை கொடுத்தால் இரண்டு பக்கமும் ஒரே வயது மாதிரி நிற்கும். செயற்கையாகக் கீறி உடைத்துப் பழசாக்குகிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அது நாடகம்.


தம்பலகாமத்தான் எழுதியது:

என்னிடம் இருப்பது பைக் இல்லை, மசி பெர்குசன் 35 டிராக்டர், சிவப்பும் சாம்பலும். அதற்கு ஸ்டிக்கர் செற் கிடைப்பது கஷ்டமில்லை, இந்தியாவில் டாஃபே என்ற கம்பனி அதே பெயரில் மெசின் செய்வதால் அங்கிருந்தும் வரும், ஆனால் வருடம் பார்க்காமல் வாங்கினால் நாலு சிலிண்டர் வண்டியில் மூன்று சிலிண்டருக்குரியதை ஒட்டிக்கொண்டு திரிய வேண்டியதுதான். அது இருக்கட்டும். ஒட்டுவதைப் பற்றி யாரும் எழுதவில்லை, அதனால் எழுதுகிறேன்.

எதையும் ஒட்டுவதற்கு முன் டாங்க் ஒழுகுகிறதா என்று பாருங்கள். உள்ளே துரு பிடித்து ஊசிமுனை ஓட்டை விழுந்திருந்தால் பெற்றோல் பெயின்றுக்கு அடியால் கசிந்து உங்கள் சேவலைக் கொப்பளமாகத் தூக்கிவிடும். வெளியில் துருவே தெரியாது. வாய்களை அடைத்து, சைக்கிள் பம்பால் மெல்லக் காற்றுக் கொடுத்து, சவர்க்காரத் தண்ணீர் பூசினால் குமிழி காட்டிக்கொடுக்கும். ஓட்டை இருந்தால் அதை அடைக்க நெருப்பு வைக்க முன் டாங்க் எத்தனை வருடம் வெறுமையாகக் கிடந்தாலும் நன்றாகக் கழுவ வேண்டும், உள்ளே ஆவி நிற்கும், அதில் செத்தவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்தது உப்பு. உங்கள் வீடு கடலுக்குக் கிட்ட. பெயின்ற் அடிக்கிற அன்றைக்கும் நல்ல தண்ணீரால் கழுவித் துடைத்துக் காய வைத்து அடியுங்கள், கண்ணுக்குத் தெரியாத உப்பு அடியில் மாட்டினால் கொஞ்ச நாளில் பொட்டுப் பொட்டாக எழும்பும்.

காலம் பார்ப்பதும் முக்கியம். கச்சான் அடிக்கிற மாதங்களில் புழுதி, கிளியர் காய முன்னரே மேலே மண் படிந்துவிடும். மாரியில் ஈரம், காற்றிலுள்ள தண்ணீர் படிந்து கிளியர் பால் நிறமாக வெளிறிப் பூக்கும். மாசி பங்குனியில் காலையில் வெயில் கொஞ்சம் ஏறினதும் செய்யுங்கள்.

வோட்டர் ஸ்லைட்டை இளஞ்சூட்டுத் தண்ணீரில் அரை நிமிடம் போலப் போட்டு எடுத்துத் தட்டில் வையுங்கள், தானாக நழுவுகிறதா என்று விரலால் தள்ளிப் பார்த்து, நழுவினால் மட்டும் டாங்கின் மேல் கொண்டுபோங்கள். தண்ணீருக்குள்ளேயே கழன்றால் சுருண்டு போய்விடும், பிறகு விரிக்க முடியாது. டாங்கையும் நனைத்து வைத்தால் ஒட்டின பிறகும் நகர்த்தலாம். நடுவிலிருந்து ஓரத்துக்கு மெல்லிய ரப்பரால் தண்ணீரை ஒதுக்குங்கள். வளைவில் சுருங்கினால் வெள்ளை வினாகிரியைத் தண்ணீர் கலந்து தூரிகையால் தொட்டு விடுங்கள், படலம் இளகிப் படியும். ஒரு முழு நாளாவது தொடாமல் விட வேண்டும். எனக்குப் பொறுமை இல்லை என்று ஹெயர் டிரையர் பிடிப்பவர்கள் ஓரம் சுருண்ட பிறகு ஞானம் பெறுவார்கள்.

இங்கிலாந்திலிருந்து வருவது வார்னிஷ் வகையாகவும் இருக்கலாம், வாங்கும்போதே கேளுங்கள். அது தலைகீழ் வேலை. படத்தின் மேலேயே வார்னிஷ் மெல்லப் பூசி, விரல் வைத்தால் பிசுபிசுக்கும் பதத்தில் டாங்கில் அழுத்தி, பிறகு முதுகுப்பக்கத் தாளை நனைத்து உரிக்க வேண்டும். வைத்தால் வைத்ததுதான், நகர்த்த முடியாது. முதல் தரம் என்றால் பழைய மட்காட் துண்டு ஏதாவதில் பழகிவிட்டு வாருங்கள்.

கிளியர் முன்னா பின்னா என்றால், டாங்குக்குப் படத்தின் மேல் கிளியர் வேண்டும். டூ ஸ்ட்ரோக் வண்டி, எண்ணெய் கலந்த பெற்றோல் ஊற்றும்போது மூடியிலிருந்து வழியத்தான் செய்யும், வெறும் படலம் அதற்கு நிற்காது. ஆனால் எடுத்தவுடன் ஈரமாக அடித்தால் அந்தத் தின்னரே படத்தைச் சுருக்கிவிடும். முதலில் தூர நின்று தூசி மாதிரி இரண்டு மூன்று கை, இடையிடையே காய விட்டு, பிறகுதான் நனைய ஒரு கை. ஹார்ட்னர் கலக்கும் கிளியர் என்றால் ஐசோசயனேட் என்ற நச்சு இருக்கிறது, கொரோனா முகமூடியெல்லாம் போதாது, பாஸ் வேண்டாம் என்றாலும் சரியான மாஸ்க்கைக் கொடுத்துப் போட வையுங்கள். மட்காட்டுக்கு மங்கல் வார்னிஷ் போதும்.


கொக்குவில் ஹில்மன் எழுதியது:

அண்ணை, இப்பதான் இந்தத் திரியைப் பார்த்தேன். எங்கள் ஹில்மன் மிங்ஸ் டாஷ்போர்ட்டில் இரண்டு ஆணி அடித்த ஒரு சின்னத் தகடு இருக்கிறது, அதே கேடயம், அதே மாதிரி மூன்று வரி, நடுவில் அன்ட் கோ. கருநீல எனமல் கொஞ்சம் உதிர்ந்திருந்தாலும் எழுத்து முழுக்க இருக்கிறது. நீங்கள் சொன்ன நிமிர்ந்த கோடும் இரண்டாவது சின்னச் சொல்லும் பொருந்துகிறது. இங்கே பெயரைப் போடவில்லை, தனிமடலில் படம் அனுப்பியிருக்கிறேன், உங்கள் நிழலோடு வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கோ. ஒரு வித்தியாசம், என்னுடையதில் மேல் வரிக்கும் நடு வரிக்கும் இடையில் மெல்லிய பொன் கோடு ஒன்று ஓடுகிறது. உங்கள் படத்தில் அந்த இடம் உரிந்திருப்பதால் இருந்ததா இல்லையா என்று தெரியவில்லை. தகட்டைக் கழற்ற அப்பா விடமாட்டார், மைத்தட்டு அண்ணை சொன்ன மாதிரி பிளாஸ்டிக் தாள் வைத்து வரைந்து அனுப்பலாம்.


உவர்மலைப் பேரன் எழுதியது:

பொருந்துகிறது!! டோர்ச் பிடித்துத் திரும்பப் பார்த்தேன், அந்தக் கோட்டின் இடது நுனி ஓரத்தோடு ஒட்டினபடி இருக்கிறது, நான் அதைக் கீறல் என்று நினைத்திருந்தேன். தாளை அனுப்புங்கள் தம்பி, தபால் செலவு என்னுடையது. நானா, கையால் எழுதுவதா அச்சா என்று இன்னும் முடிவெடுக்கவில்லை, போர்ட் எழுதுகிற ஆள் கிண்ணியாவில் யாராவது இருந்தால் சொல்லுங்கள், இரண்டையும் செய்து பார்க்கலாம் என்றுதான் யோசனை. மைத்தட்டு அண்ணா, ஒன்றே ஒன்று அடிக்க என்ன எடுப்பீர்கள்?


மைத்தட்டு எழுதியது:

ஒன்று அடித்தாலும் ஒரு தாள் நிறைய அடித்தாலும் ஸ்கிரீன் செலவு ஒன்றுதான், மை மட்டும்தான் கூட. இரண்டு நிறம், இரண்டு ஸ்கிரீன். பழைய மட்காட்டில் இருக்கும் துண்டை வெட்டி எறியாமல் தகரத்தோடு எனக்குக் காட்டுங்கள், நீலத்தை அதைப் பார்த்துக் கலக்க வேண்டும், போன் படத்தில் நீலம் பொய் சொல்லும். இந்தக் கம்பனி விற்ற வண்டி வேறு யாரிடமாவது இருந்தால் அடுத்த கிழமைக்குள் இங்கே எழுதுங்கள், ஒரே தாளில் எல்லாருக்கும் சேர்த்து இழுத்துவிடுகிறேன், செலவைப் பங்கு போடலாம். விற்பனைக்கு இல்லை, அவரவர் வண்டிக்கு மட்டும்.